சிட்னியிலிருந்து யூகலிப்டஸ் விதை வந்தால் பங்கசும் வருமா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். அவிசாவளைப் பக்கம் ஒரு ஏக்கர் காணி. கொய்யா, ஜம்பு, கராம்பு நிற்கிறது. வேலியோரம் நட யூகலிப்டஸ் விதை பறித்துத் தபாலில் போடுவதாக சிட்னியிலிருக்கும் அண்ணா சொல்கிறார். கன்றில்தானே நோய் வரும், விதையில் என்ன?

பதில்: வரும் தம்பி. மண்ணோடு வரும் கன்றின் அளவுக்கு ஆபத்தில்லை, அவ்வளவுதான்.

சில பங்கசுக்கள் விதைக்குள்ளேயே இருக்கும். பைன் மரத்தில் பிசின் வடிந்து கிளை காயும் ஒரு நோய், பியூசேரியம் வகைப் பங்கசால் வருவது, தென்னாபிரிக்காவுக்குள் நுழைந்தது 1990இல் ஒரு நாற்றுமேடையில்தான் தெரிந்தது, வெளியிலிருந்து வந்த விதையோடு வந்ததாகவே கருதப்படுகிறது. விதையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, முளைத்த பிறகுதான் நாற்று சாகும். திராம், கப்டான் போன்ற பங்கசுக்கொல்லி மருந்து போட்டுப் புரட்டினாலும் மேலே ஒட்டியது சாகும், உள்ளே இருப்பதற்கு உத்தரவாதமில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பயம் வேறொன்று. அவுஸ்திரேலியாவில் 2010இல் நியூ சவுத் வேல்ஸில் தெரிந்த மிர்ட்டில் துரு நோய், 1884இல் பிரேசிலில் கொய்யாவில் விவரிக்கப்பட்ட அதே பங்கசு. யூகலிப்டஸ், கொய்யா, ஜம்பு, கராம்பு எல்லாம் அந்த நோய் தாக்கும் ஒரே குடும்பம், பார்த்தால் உங்கள் காணி முழுக்க யூகலிப்டஸின் உறவுக்காரர்கள்தான்! இது உயிருள்ள இளம் இலையில்தான் வளரும், ஆனால் அதன் மஞ்சள் பொடி காய்ந்த பொருளில் ஒட்டிக்கொண்டும் வரும். யூகலிப்டஸ் காய் வெடித்துக் கொட்டுவதில் நல்ல விதை கொஞ்சம், மீதியெல்லாம் பழுப்பு உமி. வீட்டில் பறித்தால் இலைத் துண்டும் காய்த் தோலும் சேர்ந்தே பைக்குள் போகும்.

அதற்காக விதையெல்லாம் நோய் என்றும் இல்லை. 1876இல் பிரேசிலிலிருந்து போன இறப்பர் விதையைக் லண்டனில் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைக்க வைத்து, கன்றாகத்தான் இங்கே ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தென் அமெரிக்காவில் இறப்பரைத் தாக்கும் இலைக்கருகல் நோய் அவற்றோடு வரவில்லை. அது அதிர்ஷ்டம், அதை நம்பித் தபாலில் போடாதீர்கள்.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் கேளுங்கள். வேலிதான் வேண்டுமென்றால் இங்கேயே கிளிரிசிடியா கம்பு கிடைக்கும், ஊன்றினால் போதும்.

அண்ணா ஏற்கெனவே அனுப்பிவிட்டாரா? உறையைப் பிரிக்காதீர்கள், குப்பையிலோ கூட்டெருக் குழியிலோ போடாதீர்கள், அப்படியே பொலித்தீனில் கட்டி அந்த நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.