ஊனம் 40 சதவீதம். வருமான இழப்பு எவ்வளவு?

கேள்வி: ஃபைபர் படகில் பங்குக்குத் தொழிலுக்குப் போகிறேன். அரியாங்குப்பத்தில் கார் மோதி வலது முழங்கால் எலும்பு முறிந்தது. அப்போது வயது 39. மூட்டு இப்போது பாதிதான் மடங்குகிறது. மெடிக்கல் போர்டு ‘வலது காலுக்கு 40 சதவீத ஊனம்’ என்று சான்று தந்திருக்கிறது. உடம்பு முழுவதற்கும் பார்த்தால் 15 சதவீதம்தான் என்கிறார் இன்சூரன்ஸ் வக்கீல். எதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இரண்டையும் வைத்து அல்ல. காலுக்கு எவ்வளவு, உடம்புக்கு எவ்வளவு என்று பார்த்த பிறகு, அந்த ஊனம் உங்கள் தொழிலை எவ்வளவு முடக்குகிறது என்று மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தனியாக முடிவு செய்ய வேண்டும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன முறை இது. இடது கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகலாம்; அரசு அலுவலக எழுத்தருக்குச் சம்பளம் குறையாமலும் இருக்கலாம்.

மாத வருமானம் 15,000 என்று ஏற்றால் ஆண்டுக்கு 1,80,000. சொந்தத் தொழில், வயது 40-க்குள் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட 2,52,000. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ப ஓர் எண்ணால் பெருக்குவார்கள், அதுதான் மல்டிப்ளையர். உங்கள் வயதுக்கு அது 15, பெருக்கினால் 37,80,000. தொழில் இழப்பு 15 சதவீதம் என்றால் கிடைப்பது 5,67,000. 30 என்றால் 11,34,000. காயம்பட்டவர் உயிரோடு இருப்பதால் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கக் கூடாது, கழித்திருந்தால் ஆட்சேபியுங்கள். மருத்துவச் செலவு, வலி வேதனை, படுத்திருந்த மாதங்களின் வருமானம் எல்லாம் இதற்கு மேல் தனி.

வழக்கு சறுக்குவது சாட்சியத்தில்தான். சான்றிதழை மட்டும் தாக்கல் செய்தால் போதாது, டாக்டர் கூண்டேற வேண்டும். அவரிடம் ‘சம்பாத்தியம் எத்தனை சதவீதம் போச்சு?’ என்று கேட்பது வீண். அதைச் சொல்வது அவர் வேலை இல்லை. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, குந்தி உட்கார முடியுமா, ஆடுகிற படகில் கால் ஊன்றி வலை இழுக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். தொழிலைப் பற்றிப் படகுக்காரரும் கூடப் போகிறவரும் சொல்லட்டும். பங்குக் கணக்கு நோட்டு, மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை, பாஸ்புக் கொடுங்கள். ‘தடைக்காலத்தில் வருமானம் ஏது?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான். உங்களுடையது ஃபைபர் என்பதைப் படகுப் பதிவைக் காட்டி நிரூபியுங்கள்.

வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வையுங்கள். ஆதாரை வயதுக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆதாரில் இரண்டு வயது கூடுதலாகப் பதிந்து, 41 என்று எடுத்துக்கொண்டால் உயர்வு 25 சதவீதம், மல்டிப்ளையர் 14. அதே 30 சதவீத இழப்புக்கு 9,45,000 தான், 1,89,000 போய்விடும்.

விபத்து புதுச்சேரியில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற கடலூர் தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம். இன்னும் போடவில்லை என்றால் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் சட்டத்தில் உள்ள கெடு. ஊனச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டாம், பிறகு தாக்கல் செய்துகொள்ளலாம்.