பசுவின் தோலில் முடிச்சுகள்: பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

தொற்றாது. லம்பி ஸ்கின் என்கிற தோல் கழலை நோயாகவே இருந்தாலும், அது மாட்டின் பாலாலோ தொடுவதாலோ மனிதருக்கு வருவதில்லை. பசுவின் முடிச்சு பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டு, மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து எழுதிய சகோதரிக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பயத்தில் மூன்று நாளாகப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கவில்லை என்கிறீர்கள். ஆனால் இன்னும் சில நாளைக்குக் கொடுக்கவும் வேண்டாம். காரணம் நோய் இல்லை, வீட்டில் மிஞ்சிக் கிடந்த அமொக்சிலின் என்ற அன்டிபயோட்டிக் குளிசையை நீங்களாக மாட்டுக்குக் கரைத்துக் கொடுத்ததுதான். அந்த மருந்து பாலில் இறங்கும். மாட்டின் வயிற்றில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களையும் அது கெடுக்கும். மனிதருக்குள்ள குளிசையைத் தயவுசெய்து மாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

மாட்டின் வைத்திய அட்டையில் எழுதியிருந்த "நொடியூல்" என்ற சொல்லைப் போனில் தேடிப் புற்றுநோய் வரைக்கும் போய்விட்டீர்கள். நொடியூல் ஒரு நோயின் பெயரே இல்லை. கண்ணுக்கும் கைக்கும் பட்டதைக் கால்நடை வைத்தியர்கள் நாங்கள் குறித்துவைக்கும் சொல், அவ்வளவுதான். நிறம் மட்டும் மாறி, தடவினால் விரலுக்குத் தெரியாதது மக்கியூல். ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கெட்டியான மேடு பப்பியூல். அதைவிடப் பெரிதாக, ஆழமாக இறங்கியிருந்தால் நொடியூல். சீழ் இருந்தால் பஸ்டியூல். அலோபீசியா என்றால் மயிர் கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். எந்த நோய் என்பது இவற்றுக்குப் பிறகுதான் வரும்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முடிச்சோடு காய்ச்சலும் இருக்கிறதா? காலை வெயில் சாய்வாக விழும்போது பசுவின் கழுத்தைப் பாருங்கள். லம்பி ஸ்கின் முடிச்சின் மேல் மயிர் சிலிர்த்து நிற்கும். தோலைச் சேர்த்துப் பிடித்தால் முடிச்சு உள்ளே வழுக்காமல், தோலோடு தோலாகக் காசு போல வட்டமாகக் கையில் வரும். அதனுடன் 40 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டுதல், பால் சட்டென்று குறைதல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல் இவையும் இருந்தால் அன்றைக்கே பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விடவேண்டாம். இலங்கையில் இந்த நோய் 2020இல் வடக்கில்தான் முதலில் தெரியவந்தது. கடிக்கிற ஈ, நுளம்பு, உண்ணி மூலம் பரவுவதால் மாரி காலத்தில் உங்கள் படுவான்கரைப் பக்கத்து மாட்டுப் பட்டிகளில் ஒரு மாட்டோடு நிற்காது. வைத்தியர் வரும்வரை அதைத் தனியே கட்டுங்கள், மேய்ச்சலுக்கு விடாதீர்கள், விற்கவும் வேண்டாம். மாலையில் வேப்பிலைப் புகை போடுங்கள். சாவு குறைவுதான், பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. ஆனால் பாலும் சினையும் கெடும். முடிச்சின் நடுத்தோல் செத்துக் கழன்று குழி விழும், அந்தக் குழியில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

அதனால்தான் முடிச்சுகளில் நீங்கள் பழைய என்ஜின் ஒயிலைப் பூசியதை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அது தோலைப் பொசுக்கும், மாடு நக்கினால் உள்ளேயும் போகும். இன்றைக்கே சவர்க்காரத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

மற்றவை பெரிய விஷயமில்லை. கன்றின் கழுத்தில் பூக்கோவா போல இருப்பது மரு, சில மாதத்தில் தானாக விழும், கயிறு கட்டி அறுக்காதீர்கள். போன கிழமை வந்து அடுத்த நாளே மறைந்த தடிப்பு ஒவ்வாமை, ஏதோ கடித்திருக்கும்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய அந்தச் சாம்பல் நிற வட்டப் பொருக்குதான் பிள்ளைகளுக்கு வரக்கூடியது. கன்றின் கண்ணைச் சுற்றி மயிர் உதிர்ந்து அப்படி இருந்தால் அநேகமாகப் படர்தாமரை. மகன் அந்தக் கன்றைக் கட்டிப்பிடித்து விளையாடுவான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளைக்கு அதைத் தள்ளிக் கட்டுங்கள். அவனுடைய கையிலோ கழுத்திலோ வட்டமாகச் சிவந்து அரித்தால் ஆஸ்பத்திரியில் காட்டி, வீட்டில் கன்றுக்கும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.