கடனை வருமானப் பக்கத்தில் எழுதாதீர்கள்

கேள்வி: நான் மாதச் சம்பளக்காரி. மாலை நேரத்தில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். விடுமுறை நாளில் வகுப்பும் எடுக்கிறேன். என் அண்ணன் தொழிலுக்கு வாங்கிய கடனின் தவணையை நான்தான் கட்டிவருகிறேன். எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்தால் கட்டுப்படியாகும் என்று, 'இதற்கு மேல் போகக் கூடாது', 'இதற்குக் குறையக் கூடாது' என்ற வரம்புகளை அசமன்பாடுகளாக (≤, ≥) எழுதி வரைபடம் போட்டுப் பார்த்தேன். எல்லா வரம்புகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் தீர்வுப் பகுதியே வரவில்லை. மாதம் 3 சதவீத வட்டிக்குக் கொஞ்சம் கடன் வாங்கிச் சேர்த்த பிறகுதான் விடை வந்தது. ஐந்து மாதமாக அப்படித்தான் ஓடுகிறது. ஒரு முதலீட்டுச் செயலியில் மாதம் 4 சதவீதம் வரை கிடைக்கும் என்கிறார்கள். கடன் வாங்கி அதில் போடலாமா?

பதில்: உங்கள் வரைபடத்தில் கோடுகளும் சரி, நிழலிட்ட பக்கங்களும் சரி. அசமன்பாடு எழுதத் தெரிந்த உங்களுக்கு வரவு செலவுப் பாடம் தேவையில்லை. பிழை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம்தான் உங்களைக் கடனுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.

மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டுச் செலவு 75, உங்கள் சொந்தக் கடன் தவணை 20, அண்ணனுக்கு 25. மொத்தம் 120. அதாவது மேல்வேலையில் 20 பங்கு ஈட்டியாக வேண்டும். கணக்கு எழுத மணிக்கு அரைப் பங்கு, வகுப்புக்கு மணிக்கு ஒரு பங்கு கிடைக்கிறது. மாதத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது, வகுப்பு 8 மணி நேரத்துக்கு மேல் அமையாது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு வேலை நேரத்தை 'க' என்றும் வகுப்பு நேரத்தை 'வ' என்றும் கொண்டால்:

க + வ ≤ 20
வ ≤ 8
க/2 + வ ≥ 20

இதற்குத் தீர்வு இல்லை என்பதை வரைபடம் இல்லாமலே காட்டிவிடலாம். முதல் வரியில் பாதியையும் இரண்டாம் வரியில் பாதியையும் கூட்டுங்கள். க/2 + வ ≤ 14 என்று வரும். மூன்றாம் வரியோ அதே தொகை 20க்குக் குறையக் கூடாது என்கிறது. 14 எந்த நாளும் 20 ஆகாது. தீர்வில்லாத நேரிய அசமன்பாட்டுத் தொகுதி எதுவானாலும், அதன் வரிகளைத் தக்க எண்களால் பெருக்கிக் கூட்டினால் இப்படி ஒரு முரண்பாடு கிடைத்தே தீரும். ஹங்கேரியக் கணிதவியலாளர் கியூலா ஃபார்க்காஷ் 1902இல் வெளியிட்ட தேற்றத்தின் சாரம் இதுதான். கடன் ஆலோசனைக்கு இதைவிட உதவும் தேற்றம் எனக்குத் தெரியாது. பற்றாக்குறை இருக்கிறது என்பதோடு நிற்காமல், எந்தெந்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்றும் அது காட்டிவிடுகிறது.

மோதலைக் கண்டதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? மூன்றாம் வரியின் இடப்பக்கத்தில் 6 பங்கு கடனைக் கூட்டினீர்கள். கோடு கீழே இறங்கி, க = 12, வ = 8 என்ற ஒரே புள்ளியைத் தொட்டது. "விடை வந்துவிட்டது" என்று அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் வேறு போட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் வட்டி சேர்ந்து தேவை 20ஐத் தாண்டும். புள்ளி மறையும். அதை மீட்க இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கடன் வாங்க வேண்டும். ஐந்து மாதத்தில் வாங்கியது 30 பங்கு. வட்டியோடு இப்போது சுமார் 32. இப்படியே ஓராண்டை எட்டினால் சுமார் 85. ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் முழுவதும்! கடன் வருமானம் அல்ல. இந்த மாதம் ஒரு பக்கத்தில் கூட்டினால், வரும் மாதங்களில் மறுபக்கத்தில் அதைவிட அதிகமாகக் கூட்டியாக வேண்டும்.

செயலியைப் பற்றி நீட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. "4 சதவீதம் வரை" என்றால் வரவு ≤ 4 என்றுதான் பொருள். பூஜ்யமும் அதில் அடக்கம், நட்டத்தையும் அது தடுக்காது. நீங்கள் அதை உறுதியான 4 என்று எழுதிவிட்டீர்கள். சரி, முழு 4 சதவீதமே வரட்டும். 100 பங்கு கடன் வாங்கிப் போட்டால் வரவு 4, வட்டி 3, கையில் நிற்பது 1. உங்கள் பள்ளமோ 6. வேண்டவே வேண்டாம்.

எந்த நிபந்தனையைத் தளர்த்துவது? நேரத்தை மட்டும் கூட்டினால், கூடும் ஒவ்வொரு மணிக்கும் அரைப் பங்குதான். 6 பங்குக்கு 12 மணி நேரம், மொத்தம் 32. உடம்பு தாங்காது. வீட்டுச் செலவையும் சொந்தத் தவணையையும் தொட முடியாது. மிஞ்சுவது அண்ணனின் 25. மூன்றாம் வரியின் 20க்குள் மாற்ற முடியாத எண்ணாக நீங்கள் எழுதி வைத்திருப்பது அதுதான். அதை 'த' என்ற மாறியாக்குங்கள். க = 12, வ = 8 என்ற அந்த மூலைப் புள்ளியில் உட்காரவும் வேண்டாம். ஒரு காய்ச்சல் வந்தாலோ ஒரு வகுப்பு ரத்தானாலோ அங்கே எல்லாம் கலைந்துவிடும். க = 10, வ = 6 என்று சற்று உள்ளே வாருங்கள். மேல்வரவு 11, மொத்தம் 111. அதில் 95 வீட்டுக்கும் உங்கள் தவணைக்கும் போய்விடும், மீதி 16. இதுவரை மாதந்தோறும் வாங்கிய அதே 6 பங்கை இனித் திருப்பிக் கட்டினால், 32 பங்கு கடன் ஆறு மாதத்தில் தீரும். எதிர்பாராததற்கு 2. ஆக, த ≤ 8.

அண்ணனிடம் இந்த 8ஐச் சொல்வதுதான் கடினம் என்று எனக்குத் தெரியும். தங்கை கணக்குப் பார்க்கிறாள் என்ற பேச்சு வரலாம். வரைபடத்தை அவர் முன்னால் விரித்து வைத்து, "மாதம் 8 வரை நான் தருகிறேன் அண்ணா, மீதிக்குத் தவணைக் காலத்தை நீட்டித்துக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். கடன் கொடுத்தவரிடம் பேச வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். அந்தக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. போட்டிருந்தால் அவர் கட்டாத தவணைக்கு உங்களைக் கேட்பார்கள். அப்போது தொகையைக் குறைக்கும் முன்பே, தவணை நீட்டிப்பு எழுத்தில் வந்தாக வேண்டும். நீங்களும் உடன் போய் வாருங்கள்.

ஏழாம் மாதம் அந்த 6 பங்கு விடுபடும்போது அண்ணன் மறுபடி கேட்டு வருவார். அதை முதலில் மூன்று மாத வீட்டுச் செலவுக்கான கையிருப்பாகச் சேருங்கள். அது சேரும்வரை த ≤ 8 என்ற வரி மாற வேண்டாம்.