தமிழ்ச் சங்கத்தின் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டார். டெக்சாஸில் அவரை மாற்றுவது எப்படி? வழக்கறிஞர் வேண்டுமா?

வேண்டாம். ரெஜிஸ்டர்டு ஏஜென்ட், அதாவது சங்கத்துக்கு வரும் சம்மனையும் அரசுக் கடிதங்களையும் வாங்கிக்கொள்ளப் பதிவான ஆளை மாற்ற, டெக்சாஸில் பதிவான லாப நோக்கற்ற அமைப்பு என்றால் படிவம் 401, கட்டணம் 5 டாலர். வணிக நிறுவனங்களுக்கு 15, நமக்கு 5. அமைப்புகளைப் பதிவு செய்யும், ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலாளர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம், அவர்களுடைய இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். பழைய ஏஜென்டின் கையெழுத்து தேவையில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் நான் மூன்று மாதம் அலைந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முன்கூட்டியே ஒன்று: நான் வழக்கறிஞன் இல்லை. கணினித் துறையில் வேலை. இரண்டு முறை இந்த மாற்றத்தைச் செய்தவன், அவ்வளவுதான். "சட்ட ஆலோசனை சொல்ல இவர் யார்?" என்று கேட்க வருகிறவர்கள் இந்தப் பத்தியைத் திரும்பப் படிக்கவும்.

நீங்கள் எழுதவில்லை என்றாலும் உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. பொதுக்குழுவில் யாரும் கை தூக்கவில்லை, பாவம் பார்த்து நீங்கள் தூக்கினீர்கள், செயலாளர் ஆகிவிட்டீர்கள். முந்தைய செயலாளர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருப்பார். அதில் ஒரு குத்துவிளக்கு, மீந்துபோன சாப்பாட்டு டோக்கன் கட்டு, மடித்து மடித்து எழுத்து உதிர்ந்த பேனர், எல்லாவற்றுக்கும் அடியில் 501(சி)(3) வரிவிலக்குக் கடிதத்தினுடைய நகலின் நகல். எனக்குக் கிடைத்த பெட்டியில் இவை போக ஒற்றைச் சலங்கையும் இருந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

ஏஜென்ட் என்றால் நம் ஊரில் எல்.ஐ.சி. ஏஜென்ட், இல்லையென்றால் பஸ் டிக்கெட் ஏஜென்ட். அதனால்தான் எங்கள் குழுவில் பாதிப் பேர் அதை ஏதோ கமிஷன் வாங்கும் வேலை என்று நினைத்திருந்தார்கள். நிறுவனரோ அதைக் கௌரவப் பதவி என்று நினைத்திருந்தார். இரண்டும் இல்லை. சங்கத்தின் மேல் யாராவது வழக்குப் போட்டால் அந்தச் சம்மனை வாங்கிக்கொள்ள, மாநில அரசு அனுப்பும் கடிதங்களைப் பெற்றுக்கொள்ள, ஒரு ஆளும் ஒரு முகவரியும் வேண்டும். அந்த ஆள்தான் ஏஜென்ட். தனிநபர் என்றால் டெக்சாஸில் வசிப்பவராக இருக்க வேண்டும். முகவரி, ஒருவர் நேரில் வந்து கையில் கொடுக்கக்கூடிய தெரு முகவரியாக இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. சங்கமே தனக்குத்தானே ஏஜென்டாக இருக்கவும் முடியாது. எங்கள் பொருளாளர் அதைத்தான் முதலில் யோசனையாகச் சொன்னார்.

இனி எங்கள் கதை. டாலஸுக்கு வடக்கே ஒரு ஊர். ஊர்ப்பெயர் வேண்டாம், சங்கம் யாருக்கும் தெரிந்துவிடும். பொங்கல் விழாவுக்கு ஒரு பள்ளி அரங்கத்தை வாடகைக்குக் கேட்டிருந்தோம். அரங்கத்துக்காரர்கள், உங்கள் அமைப்பு மாநிலப் பதிவில் நல்ல நிலையில் இருக்கிறதா என்று காட்டச் சொன்னார்கள். மாநில வரிகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் தளத்தில் அமைப்பின் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். ஏஜென்டின் பெயரும் முகவரியும்கூட அதில் தெரியும். தேடினேன். ஏஜென்ட் இடத்தில் எங்கள் நிறுவனர் பெயர் இருந்தது. அவர் வீட்டை விற்றுவிட்டு வட கரோலினாவில் மகளோடு போய் இருந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நிலை என்ற இடத்தில் இருந்த வாசகம் முதலில் புரியவில்லை. விசாரித்த பிறகுதான் தெரிந்தது: சங்கம் இயங்கும் உரிமையை இழந்துவிட்டது.

நடந்தது இதுதான். டெக்சாஸில் லாப நோக்கற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் மாநிலச் செயலாளருக்கு அறிக்கை கொடுக்க வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் போகாமல், அவர்களே கேட்டால் கொடுக்க வேண்டும். படிவம் 802. கேட்கும் கடிதம் ஏஜென்டின் முகவரிக்குப் போகும். 30 நாளில் பதில் இல்லையென்றால் உரிமை போய்விடும். போய்விட்டது என்று இரண்டாவது கடிதம் வரும், அதுவும் அதே முகவரிக்கு. அதிலிருந்து 120 நாளில் அறிக்கை கொடுத்தால் உரிமை திரும்பக் கிடைக்கும். அதையும் விட்டால் அமைப்பையே கலைத்துவிடுவார்கள். அமெரிக்கத் தபால் துறை முகவரி மாற்றச் சேவையில், தனியாகப் பணம் கட்டி நீட்டிக்காவிட்டால், கடிதங்களைப் புது முகவரிக்கு 12 மாதம்தான் அனுப்பிவைக்கும். நிறுவனர் போய் ஒன்றரை வருடம். கணக்கு சரியாக உதைத்தது.

ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பழைய வீட்டுக்குப் போனேன். வாசல் சிமெண்டில் நிறுவனரின் மனைவி வெள்ளைப் பெயிண்டில் போட்ட கோலம் அப்படியே இருந்தது, ஒரு மூலை மட்டும் தேய்ந்து. கதவைத் திறந்தவர் எழுபது வயது வெள்ளைக்கார அம்மா. சங்கத்தின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "மிஸ்டர் சங்கம் நீங்கள்தானா?" என்று கேட்டார். பெயரின் கடைசிச் சொல் சங்கம் என்பதால் அது யாரோ ஒருவரின் குடும்பப் பெயர் என்று நினைத்து, என்றாவது ஒருநாள் அவர் வருவார் என்று கடிதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். சமையலறை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். கிரெடிட் கார்டு விளம்பரங்கள் நான்கைந்து, ஒரு தீபாவளி வாழ்த்து அட்டை, நடுவில் ஆஸ்டினிலிருந்து வந்த உறைகள் இரண்டு. ஒன்றைக்கூட அவர் பிரிக்கவில்லை. காரில் உட்கார்ந்து தேதியைப் பார்த்து எண்ணினேன். 120 நாளில் 97 முடிந்திருந்தது.

அந்தப் படிவம் 802-இலேயே ஏஜென்டையும் முகவரியையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. எனவே உங்கள் சங்கத்துக்கும் அறிக்கை கேட்டுக் கடிதம் வந்திருந்தால் 401 தனியாகத் தேவைப்படாது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். அறிக்கைக்கு 5 டாலர், மேலே தாமதக் கட்டணம். இரண்டும் சேர்த்து இங்கே ஒரு மசாலா தோசை விலைகூட வரவில்லை.

ஆனால் புதிய ஏஜென்ட் யார்? இங்கேதான் மூன்று வாரம் போனது.

2010 ஜனவரி 1 முதல் டெக்சாஸில், ஏஜென்டாக இருக்கச் சம்மதம் என்று அந்த நபர் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அதற்கென்றே 401-ஏ என்று ஒரு படிவம் இருக்கிறது. அதை அரசுக்கு அனுப்ப வேண்டியதில்லை, கையெழுத்து வாங்கி நம்மிடம் வைத்துக்கொண்டால் போதும். ஆள் கேட்காமல் பெயரைப் போடுவது குற்றம். இதைச் சொல்வதற்குக் காரணம், எங்கள் துணைத்தலைவர் "முதலில் யார் பெயரையாவது போட்டு அனுப்பு தம்பி, பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்றார். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் "நல்வரவை விரும்பும்" வரிசையில் பெயர் போடுவது மாதிரி நினைத்துவிட்டார்.

எழுதிக் கேட்டால் யாரும் சம்மதிக்கவில்லை. வீட்டு முகவரி பொதுப் பதிவில் போய் உட்காரும் என்பது முதல் பயம். நியாயமான பயம்தான், நான் குறை சொல்லவில்லை. இதற்கென்றே கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு நிறுவனம் வருடத்துக்கு நூறு டாலருக்குச் சற்று மேல் கேட்டது. அந்த நூறு டாலருக்கு எங்கள் செயற்குழு இரண்டு மணி நேரம் விவாதித்தது. மக்கள் பணம், வீண் செலவு, கணக்குக் கேட்பார்கள். இதே குழு அதற்கு முந்தைய மாதம் ஒலிபெருக்கி வாடகைக்கு 1,800 டாலரை ஐந்து நிமிடத்தில் நிறைவேற்றியது.

வாய் திறந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். அந்தப் பொங்கல் விழாவில் காலை ஆறு மணிக்கு வந்து நாற்காலி போட்ட பதினோரு தொண்டர்களுக்கு மதியம் சாப்பாடு இல்லை. விருந்தினர் சிலர் போகும்போது வீட்டுக்கு நாலு டப்பா கட்டிக்கொண்டு போனார்கள். சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக் கல்லூரிப் பிள்ளைகள் தின்றதை நான் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பீட்சா வாங்கிக் கொடுத்த ரசீதைக் கொடுத்தபோது, முன் அனுமதி இல்லை என்று பொருளாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசியில் என் பெயரையும் என் வீட்டு முகவரியையும்தான் போட்டேன். என் மனைவி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "தீபாவளியன்று காலையில் யாராவது சம்மனோடு வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள்?" வாங்கிக்கொள்வேன் என்றேன். அதுதானே வேலை. சங்கத்துக்கு வரும் சம்மனை வாங்குவதால் சங்கத்தின் கடன் நம் தலையில் விழாது. இதை அவருக்குப் புரியவைக்க ஒரு மாலை முழுவதும் ஆனது.

சட்டப்படி நிறுவனரிடம் கேட்க வேண்டியதில்லை. தலைவரோ செயலாளரோ, அதிகாரம் பெற்ற ஒருவர் கையெழுத்திட்டால் போதும். ஆனாலும் சொல்லாமல் செய்ய எனக்குக் கை வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"என் பெயர் பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டுமே தம்பி. யாருக்கு என்ன இடைஞ்சல்?" என்றார்.

டெக்சாஸில் வசிக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னேன். கடிதங்கள் எங்கே இருந்தன என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வீட்டை விற்கும்போதே எனக்கு ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எடுக்க மனசு வரவில்லை."

இருபத்து இரண்டு வருடம் அந்தக் காகிதத்தில் இருந்த பெயர். நான் என்ன சொல்வது? "அந்தக் கோலத்தை அந்த அம்மா அழிக்கவில்லை ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

உங்களுக்குத் தேவையான மீதி விஷயங்கள். ஏஜென்டை மாற்றினால் மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் மட்டும்தான் மாறும். ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு, அதாவது மத்திய அரசின் வரித்துறைக்கு, தானாகப் போகாது. சங்கத்தின் முகவரியோ பொறுப்பாளரோ மாறியிருந்தால் படிவம் 8822-பி தனியாக அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் மாறியிருந்தால் 60 நாளுக்குள். ஐ.ஆர்.எஸ். கடிதங்களும் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தால் இன்னும் ஆபத்து. அவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய 990 வகை அறிக்கையை மூன்று வருடம் தொடர்ந்து கொடுக்காத அமைப்பின் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சிறிய சங்கம் என்றால் 990-என், கால் மணி நேர வேலை. அதையும் எத்தனை சங்கங்கள் விட்டுவிடுகின்றன! வங்கிக்கும் காப்பீட்டுக்காரருக்கும் தனித்தனியே சொல்லுங்கள்.

நான் சொன்னது முழுக்க டெக்சாஸ் விதி. உங்கள் மைத்துனர் கலிஃபோர்னியாவில் வேறு மாதிரி செய்தார் என்றால் அவரும் சரிதான். அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் தகவல் அறிக்கையிலேயே ஏஜென்டை மாற்றிக்கொள்கிறார்கள். நியூயார்க்கில் சம்மனை மாநிலச் செயலாளரே பெற்றுக்கொள்வார், தனி ஏஜென்ட் கட்டாயமில்லை. எனவே வாட்ஸ்அப் குழுவில் எந்த மாநிலத்துக்காரரோ அனுப்பும் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள்.

பணம் கொடுத்து நிறுவனத்தை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று சிலர் சொல்வார்கள். சங்கத்தில் பணமும், வருடாவருடம் அதை மறக்காமல் கட்ட ஒரு ஆளும் இருந்தால் செய்யுங்கள். கட்ட மறந்தால் அவர்களும் விலகிவிடுவார்கள். விலகல் கடிதம் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்த 31-ஆம் நாள் உங்களுக்கு ஏஜென்ட் இல்லை. இன்னொன்று, புது முகவரி பதிவில் ஏறியதும் அரசு முத்திரை மாதிரி எதையோ அச்சடித்த கடிதங்கள் வரத் தொடங்கும், சான்றிதழுக்கு இவ்வளவு அனுப்பு என்று. அவற்றில் அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள். எனக்கு முதல் மாதத்திலேயே மூன்று வந்தன.

இரண்டு வருடம் கழித்து நானும் வீடு மாறினேன். அப்போதுதான் படிவம் 401-ஐ முதல்முறையாக நிரப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போதைய செயலாளர், முப்பது வயதுப் பெண், தன் பெயரைக் கொடுக்க ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒப்புதல் வந்ததும் அதன் நகலை நிறுவனருக்கும் அனுப்பிவைத்தேன். அன்று மாலையே கூப்பிட்டார். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்தத் தெருவில் தபால்காரர் ஒழுங்காக வருகிறாரா, தம்பி?"