எஸ்எஸ்ஹெச் இணைப்பு (தொலைவிலுள்ள சர்வரில் லாகின் செய்யும் வழி) அறுந்தாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டே இருக்க என்ன செய்வது?

டீமக்ஸ் என்ற புரோகிராமைப் போடுங்கள். அதுவும் வேலையைத் தொடங்கும் முன்பே.

ஒருமுறை ஏழு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் வேலையை அப்படியே விட்டு, லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் டெர்மினல் உறைந்து கிடந்தது. மறுபடி லாகின் செய்து தேடினால் அந்தப் புராசஸையே காணோம்.

இணைப்பு போனதும் ஷெல்லுக்கு, அதாவது நீங்கள் தட்டும் கட்டளைகளை இயக்கும் புரோகிராமுக்கு, சிக்ஹப் என்ற சிக்னல் வரும். ஷெல் அதைத் தான் தொடங்கிய வேலைகளுக்கும் அனுப்பிவிடும். சிக்ஹப் என்றால் மறுமுனையில் ஃபோனை வைத்துவிட்டார்கள் என்று பொருள். மோடம் காலத்துப் பெயர்.

டீமக்ஸ் சர்வரிலேயே தனியாக ஓடும்; நீங்கள் அதை எட்டிப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். டீமக்ஸ் என்று தட்டினால் கீழே பச்சைப் பட்டை வரும். உள்ளே வேலையைத் தொடங்குங்கள். கன்ட்ரோலும் பியும் சேர்த்து அழுத்தி, கையை எடுத்துவிட்டு, டி. வெளியே வந்துவிடுவீர்கள். மறுநாள் 'டீமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடம் அப்படியே இருக்கும். டி அழுத்தாமல் நெட் போனாலும் பாதகமில்லை. 1987இல் வந்த ஸ்கிரீனும் இதையே செய்யும். அதில் பிக்குப் பதில் ஏ.

சின்ன வேலை என்றால், சிக்ஹப்பைக் கண்டுகொள்ளாமல் ஓடவைக்கும் நோஹப்பைக் கட்டளைக்கு முன்னால் போட்டால் போதும், வரியின் கடைசியில் பின்னணியில் ஓட்டும் ஆம்பர்சண்டோடு (&). நடுவில் ஆமா, இல்லையா என்று கேட்கும் புரோகிராமுக்கு மட்டும் ஆகாது, பதில் சொல்ல ஆள் இருக்காது. பைத்தான் ஸ்கிரிப்ட் என்றால் பைத்தானுக்குப் பக்கத்தில் மைனஸ் யு சேருங்கள். இல்லாவிட்டால் அவுட்புட் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்திலேயே தங்கி, அது வந்து சேர வேண்டிய நோஹப் கோப்பு காலியாக இருக்கும். வேலையே நின்றுவிட்டது என்று நினைத்து ஒரு தடவை நானே அதைக் கொன்றிருக்கிறேன்.

ஏற்கெனவே தொடங்கியாயிற்றா? கன்ட்ரோல்-இசட் (நிறுத்திவைக்க), அப்புறம் பிஜி (பின்னணியில் தொடர), அப்புறம் டிஸ்ஓன் (ஷெல்லின் பிடியிலிருந்து விடுவிக்க). இது அவசரத்துக்குத்தான். டெர்மினல் போன பிறகு புரோகிராம் எதையாவது அச்சிடப் பார்த்தால் பிழை வந்து செத்துப்போகலாம்.

டீமக்ஸே மாயமானால், லாகின்களை நிர்வகிக்கும் லாகின்டியில் கில்யூசர்புராசஸஸ் என்ற செட்டிங் 'எஸ்' என்று இருக்கிறதா என அட்மினிடம் கேளுங்கள். லாகவுட் ஆனதும் உங்கள் செஷனில் ஓடுவதையெல்லாம் அது கொன்றுவிடும்.

சர்வரே ரீபூட் ஆனால் டீமக்ஸும் போய்விடும். அதனால் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையை, பாதி வந்ததை அழிக்காமல் வைத்திருக்கும் பார்ஷியல் ஆப்ஷனோடுதான் ஓட்டுகிறேன்.