படித்துறை இல்லாத காசி

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் பெங்களூருக்குப் போயிருந்தபோது ஒரு கண்காட்சியில் ராம் குமாரின் ஓவியங்கள் சிலவற்றைப் பார்த்தேன். காசி நகரமும் மலைவெளிகளுமே அவருக்கு ஊற்றாக இருந்தன என்று அருகில் எழுதி வைத்திருந்தார்கள். படத்திலோ படித்துறையும் இல்லை, படகும் இல்லை, மலையும் இல்லை. பழுப்பும் சாம்பலும் நீலமுமாகச் சில பட்டைகளே இருந்தன. நகரத்திலிருந்தும் இயற்கையிலிருந்தும் எடுத்ததாகச் சொல்லிவிட்டு இரண்டையும் மறைப்பது பார்க்க வருபவரை ஏமாற்றுவதாகாதா? பள்ளியில் படிக்கும் என் மகள் இனி இப்படித்தான் வரையப்போவதாகச் சொல்கிறாள். விடலாமா?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ‘மறைப்பது’ என்ற சொல்லோடுதான் எனக்கு உடன்பாடில்லை. மறைத்திருக்கிறார் என்றால், அந்தப் பட்டைகளுக்குப் பின்னால் ஒரு படித்துறை ஒளிந்திருக்கிறது, கெட்டிக்காரர் அதைக் கண்டுபிடித்துவிடுவார் என்றாகிவிடும். பொருள்களின் உருவத்தை அப்படியே காட்டாத அரூப ஓவியத்தை இப்படி விடுகதையாகப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. விடை கிடைக்காத எரிச்சலோடு வெளியே வருகிறோம்.

ராம் குமார் 1924இல் சிம்லாவில் பிறந்து 2018இல் மறைந்தவர்; இந்தியில் சிறுகதைகள் எழுதியவர்; எழுத்தாளர் நிர்மல் வர்மாவின் அண்ணன். பாரிஸில் ஓவியர்களான ஆந்த்ரே லோட்டிடமும் ஃபெர்னாண்ட் லெஜேயிடமும் பயின்று திரும்பிய பிறகு, 1950களில் அவர் வரைந்தவை பெரும்பாலும் நகரத்து மனிதர்கள்தாம்: சோர்ந்த முகங்கள், அவற்றை நெருக்கிக்கொண்டு நிற்கும் கட்டடங்கள். 1960இல் ஓவியர் எம்.எஃப். உசேனோடு காசிக்குச் சென்று வந்தபின் அந்த மனித உருவங்கள் அவருடைய படங்களிலிருந்து விலகின. மனிதர்கள் நிரம்பி வழியும் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வந்தவர் மனிதர்களை விட்டுவிட்டார் என்பது விந்தையாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. துக்கத்தைச் சொல்ல அதுவரை அவருக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து ஆற்றை நோக்கி இறங்கும் வீடுகளின் அடுக்கே அதற்குப் போதும் என்று காசியில் அவர் கண்டிருக்க வேண்டும். தொடக்கத்தில் அந்த வீடுகளை வீடுகளாகவே அடையாளம் காண முடிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவர் எது, நிழல் எது, நீர் எது என்ற எல்லைகள் கரைந்து வண்ணத் தளங்கள் மட்டும் எஞ்சின. ஊரின் சாயல் போய்விட்டது. அதன் கனமும் சரிவும் தங்கிவிட்டன.

இதை விளங்கிக்கொள்ள நாம் காசி வரை போகவேண்டியதில்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏதாவதொரு கிரானைட் குவாரியின் விளிம்பில் சற்று நேரம் நின்று பாருங்கள். மேலே சிறிதளவு செம்மண்ணும் காய்ந்த புல்லும். அதன் கீழே படிபடியாக அறுத்தெடுத்த சாம்பல் நிற முகம். அந்த முகத்தில் துளைபோடும் கருவி விட்டுச்சென்ற, அளவெடுத்தாற்போன்ற நேர்கோடுகள். அடியில் எப்போதோ பெய்த மழை பச்சையாகத் தேங்கிக் கிடக்கும். அது குன்றா, கட்டடமா? குன்று நகரமாகும் வழியில் பாதியில் நிற்கிறது என்றே எனக்குத் தோன்றும். ஆனால் நாம் ‘குவாரி’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம். பெயர் வாய்க்கு வந்ததும் கண் ஓய்வெடுத்துக்கொள்கிறது. அரூப ஓவியர் அந்தப் பெயரைத் தள்ளிப்போடுபவர், அவ்வளவுதான். கோடையில் கிருஷ்ணகிரி அணையில் நீர் இறங்கும்போது கரைப்பாறைகளில் தெரியும் கறைக் கோடுகளையும் இப்படிப் பார்க்கலாம்.

நகரத்துக்கும் இயற்கைக்கும் தனித்தனிக் கண் தேவையில்லை என்பதற்கு டச்சு ஓவியர் மோந்திரியான் நல்ல சாட்சி. 1911இல் ‘சாம்பல் மரம்’ வரைந்தபோது அவர் கிளைகளிலிருந்து கோடுகளைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். 1940இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பின், 1942–43இல் வரைந்த ‘பிராட்வே பூகி வூகி’யில் தெருக்களின் குறுக்கும் நெடுக்கும் விளக்குகளின் துடிப்பும் மஞ்சள், சிவப்பு, நீலச் சதுரங்களாயின. மரத்திடம் கற்றதையே தெருவிலும் செய்தார். இப்படிப் பலவற்றை விட்டுவிட்டு வரைவது ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கமும் அல்ல. பர்கூருக்கு அருகே மல்லப்பாடிப் பாறையில் பழங்காலத்தில் வெண்ணிறத்தில் குதிரைமேல் மனிதரைத் தீட்டியவரும் சில கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டவர்தான்.

ஏமாற்று இல்லவே இல்லை என்று நான் வாதாடமாட்டேன். விடுதி வரவேற்பறைகளில் சோபாவின் நிறத்துக்கு ஒத்துப்போகும்படி மாட்டி வைத்து, ‘இயற்கையின் தாளம்’ என்று பெயரிட்ட படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்னிடம் உள்ள சோதனை எளியது, எப்போதும் பலிக்கும் என்றும் சொல்லமாட்டேன்: படத்தின் ஒரு பட்டையை மனத்தால் இடம் மாற்றிப் பாருங்கள். படம் அதைப் பொருட்படுத்தாவிட்டால், அது திரைச்சீலைத் துணிக்கு ஆகும். ராம் குமாரின் நல்ல படம் ஒன்றில் ஒரு சாம்பல் துண்டை நகர்த்தினால், பக்கத்து நீலம் பிடிப்பிழந்து சரிந்துவிடும். அடுத்த முறை போகும்போது, அருகில் எழுதியிருப்பதைப் படிக்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

உங்கள் மகளைப் பற்றி. தாராளமாக விடுங்கள், ஆனால் உருவம் வரைவதையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் தமிழக ஓவியர் ஆதிமூலம் பின்னாளில் நிலவெளியை வெறும் வண்ணங்களாகத் தீட்டினார் என்றால், அதற்கு முன்பு 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, அந்த ஒரே முகத்தைக் கோடுகளால் திரும்பத் திரும்ப வரைந்து தேறியவர் அவர். உங்கள் வீட்டருகே இருக்கும் மாமரத்தை இலையும் காயும் முடிச்சுமாக அவள் நூறு முறை வரையட்டும். நூற்றொன்றாவது முறை எதை விடுவது என்று அவளுக்குத் தெரியும்; அப்போது நீங்கள் பக்கத்தில் நின்று மரம் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.