மாலை 7 மணிக்கு மட்டும் மாதிரி 80 கி.மீ. தாழ்வாகக் காட்டுகிறதா?

காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நிலையம், பகலில் ஐ.ஆர்.ஐ. (அயனமண்டலத்துக்கான சர்வதேச மாதிரி) உங்கள் அளவீட்டோடு நன்றாகப் பொருந்துகிறது, மாலை 7 மணி வாக்கில் மட்டும் எஃப்2 அடுக்கின் (அயனமண்டலத்தில் எலக்ட்ரான்கள் மிக அடர்ந்த அடுக்கு) உச்ச உயரத்தை 80 கி.மீ. குறைத்துச் சொல்கிறது என்கிறீர்கள். உங்கள் நிரலில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கு நோக்கிய மின்புலம் சட்டென்று வலுத்து, அடுக்கையே மேலே தூக்கிவிடும். ஐ.ஆர்.ஐ.யில் எந்த உயரத் தெரிவை, அதாவது உச்ச உயரத்தைக் கணக்கிடும் எந்த முறையை, வைத்திருக்கிறீர்கள்? 1979-இல் வந்த பழைய தெரிவு உயரத்தை நேரடியாகத் தருவதில்லை. எம்3000 காரணியிலிருந்து (3000 கி.மீ. தொலைவுக்கு எட்டும் மிக உயர்ந்த அதிர்வெண்ணை, எஃப்2 அடுக்கு செங்குத்தாகத் திருப்பும் மிக உயர்ந்த அதிர்வெண்ணால் வகுத்தது) கணக்கிடுகிறது. அந்தக் காரணியின் உலக வரைபடம் நாள் மாற்றத்தைச் சில அலைகளாலேயே வரைவதால், மாலை நேரக் கூர்மையான ஏற்றம் மழுங்கிப்போகும். 2016 பதிப்பில் சேர்ந்த இரண்டு புதிய தெரிவுகளும் உயரத்தையே நேரடியாக மாதிரியாக்குபவை. மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்தப் புதிய தெரிவுகளில் ஷூபின் என்ற ஆய்வாளருடையது காஸ்மிக் செயற்கைக்கோள் தரவையும் வைத்துக் கட்டப்பட்டது. அதே காலத்துக் காஸ்மிக் தரவால் அதைச் சோதித்தால், வினாத்தாள் தெரிந்த மாணவனுக்குத் தேர்வு வைப்பது போல.

அப்புறம், அயனோசோண்டு (மேல்நோக்கி வானொலி அலை அனுப்பி எதிரொலியை அளக்கும் கருவி) தரவு தானியங்கி வாசிப்பா? இரவில் எதிரொலி சிதறும்போது அது எதையாவது உச்சம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரப் படங்களைக் கண்ணால் பார்த்துத் தேறாதவற்றைக் கழித்துவிடுங்கள். மெய்நிகர் உயரத்தை (அலை முழுதும் ஒளி வேகத்தில் போய் வந்ததாகக் கொண்டு, எதிரொலி நேரத்திலிருந்து கணக்கிட்ட உயரம்) மெய் உயரமாக எடுத்திருந்தாலும் தரவு மேலே ஏறித்தான் தெரியும்.

சரி, ஒப்பீடு? ஐ.ஆர்.ஐ. தருவது மாதச் சராசரி நிலை. ஒரே நாளோடு மோதவிடாதீர்கள். மணிவாரியாக மாத இடைநிலையை எடுத்து, பகலையும் மாலையையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.